பழைய பிக்கப் வண்டியில் என்ஜின் ஆயில் லீக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிக்கப் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கவுன்ட்டரில் நிற்பவன் நான். காய்கறி, தீவனம், செங்கல் என்று பத்துப் பதினைந்து வருஷமாகச் சுமை ஏற்றி ஓடிய வண்டிகள்தான் அதிகம் வரும். ஆயில் லீக் என்று வருகிறவர்களில் பலர் "அண்ணே, ஆயில் சீல் ஒண்ணு கொடுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆயில் சீல் என்பது சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையம். எந்த இடத்துச் சீல் என்று கேட்டால் "அடியில ஒழுகுது" என்பார்கள். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் பொருள் வாங்கினால் காசும் போகும், ஒழுகலும் நிற்காது. அதைச் சொல்லிச் சொல்லித்தான் இந்தப் பக்கம் சேர்ந்தது.

எழுதும்போது மனதில் இருந்த வண்டிகள் மூன்று: 2523 சிசி டிஐ என்ஜின் போட்ட மஹிந்திரா பொலிரோ பிக்கப், 2956 சிசி டாடா 207 டிஐ, 702 சிசி ரெண்டு சிலிண்டர் டாடா ஏஸ், அதாவது நம்ம குட்டி யானை. மற்ற பழைய டீசல் பிக்கப்புகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

1. வண்டி நிறுத்துற இடத்துல கறுப்பா சொட்டியிருக்கு. இது என்ஜின் ஆயில்தானா?

ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து, ராத்திரி வண்டிக்கு அடியில் விரித்து வையுங்கள். முன் டயர் எந்த இடத்தில் நிற்கிறது என்று அட்டையில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். காலையில் கறை எந்த இடத்தில், என்ன நிறத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

டீசல் என்ஜின் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கரியாகக் கறுத்துவிடும். கறை கறுப்பாக, விரலில் வழுவழுப்பாக இருந்தால் அது என்ஜின் ஆயில்தான். தேன் நிறத்தில், கெட்டியாக, மூக்கில் ஏறும் கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். ஸ்டீயரிங் பாக்ஸ் பக்கம் சிவப்பாக விழுந்திருந்தால் பவர் ஸ்டீயரிங் ஆயிலாக இருக்கலாம். அட்டையில் அகலமாகப் பரவி, டீசல் வாடை அடித்தால் பம்ப் அல்லது ஃபில்டர் பக்கம் டீசல் லீக். பச்சையாகவோ ரோஸ் நிறத்திலோ தண்ணீராக இருந்தால் கூலன்ட். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் பிரேக் ஆயிலா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

2. ஒரு ராத்திரிக்கு ரெண்டு சொட்டுதான் விழுது. ஓட்டலாமா, இப்பவே பாக்கணுமா?

நிற்கும்போது விழும் சொட்டை வைத்து லீக்கின் அளவைத் தீர்மானிக்க முடியாது. என்ஜின் ஓடும்போது ஆயிலுக்குப் பிரஷர் இருக்கும். நிற்கும்போது ரெண்டே சொட்டு விட்ட ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஹைவேயில் ஓடும்போது பீய்ச்சி அடிக்கலாம். டேப்பெட் கவரில், அதாவது என்ஜின் தலையை மூடும் மேல் மூடியில், கசியும் ஆயில் நிற்கும்போதும் ஓடும்போதும் மெதுவாகத்தான் வரும். அதனால் சொட்டை எண்ண வேண்டாம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு இறங்குகிறது என்று எழுதி வையுங்கள்.

இறக்கம் மெதுவாக இருந்தால் அடுத்த சர்வீஸ் வரை கவனித்துக்கொண்டே ஓட்டலாம். ஆனால் மூன்று நிலைகளில் வண்டியை ஓரங்கட்டியே ஆகவேண்டும். ஓடும்போது ஆயில் லைட் எரிந்தால் உடனே என்ஜினை அணைக்க வேண்டும். "ஊர் பக்கத்துலதானே, போயிடலாம்" என்று ஓட்டியவர்களின் கிராங்க் பேரிங் போயிருக்கிறது. ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்து புகைந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. ஆயில் கிளட்ச் பிளேட்டில் பட்டு கிளட்ச் வழுக்க ஆரம்பித்தால் சுமையோடு மேடு ஏறக் கூடாது.

3. டிப்ஸ்டிக் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு காட்டுதே?

சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். ஒருமுறை துடைத்துச் செருகி, மறுபடி எடுத்துப் பார்ப்பதுதான் சரியான அளவு. காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன், ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் இன்னும் நல்லது. பெரும்பாலான நாலு சிலிண்டர் என்ஜின்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்க்கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய 1 லிட்டர் இருக்கும்.

மேல்க்கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். அளவு தானாகவே ஏறினால் அது லீக்கைவிடப் பெரிய விஷயம். டீசலோ தண்ணீரோ ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம். அப்போது ஸ்டார்ட் பண்ணாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

4. அடியில முழுக்க ஆயில் அப்பிக்கிடக்கு. எங்கிருந்து வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆயில் கீழேதான் இறங்கும். ஓடும்போது ஃபேன் காற்றும் எதிர்க்காற்றும் சேர்ந்து அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டு விழும் இடம் வேறு, லீக் ஆகும் இடம் வேறு. முன்பக்கம் டேப்பெட் கவரில் கசிந்த ஆயில், பிளாக் ஓரமாக வழிந்து, சேம்பர் (என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) விளிம்பைப் பிடித்துக்கொண்டு போய்க் கடைசியில் பெல் ஹவுசிங்கில் (என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச்சை மூடும் கூடு) சொட்டும். அதைப் பார்த்துப் பின்பக்க ஆயில் சீல் என்று முடிவு கட்டி கியர்பாக்ஸை இறக்கியவர்கள் உண்டு. எங்கே தேடினாலும் ஒரே விதிதான்: ஈரமாக இருக்கும் இடங்களிலேயே மிக உயரமான, மிக முன்னால் உள்ள இடம் எது என்று பாருங்கள்.

அதற்கு முதலில் என்ஜினைக் கழுவ வேண்டும். என்ஜின் ஆறிய பிறகு டீசலோ மண்ணெண்ணெயோ தொட்ட பிரஷ்ஷால் அழுக்கைத் தேய்த்து, துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு சந்தேகப்படும் இணைப்புகளில் சாதாரண முகப் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். என்ஜினை ஸ்டார்ட் பண்ணி சூடேற விட்டு, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் கசிந்த இடம் பழுப்புக் கோடாகத் தெரியும். கோட்டின் மேல் நுனி எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். மெதுவாகக் கசியும் லீக்குக்கு ஒரு நாள், ரெண்டு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். எட்டாத இடத்தைச் செல்போன் கேமராவில் வீடியோ எடுத்துப் பார்க்கலாம்.

அடியில் படுப்பதற்கு முன் ஒரு வார்த்தை. வெறும் ஜாக்கியை நம்பி உள்ளே போகாதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, பின் டயருக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, வண்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். என்ஜின் ஓடும்போது ஃபேன் பெல்ட் பக்கம் கையும் துண்டும் போகக் கூடாது.

5. எதுக்கு அவ்வளவு சிரமம்? வாட்டர் சர்வீஸ்ல குடுத்துட்டா போதாதா?

கொடுக்கலாம். ஆனால் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், ஒயரிங் கனெக்டர், ஏர் ஃபில்டர் வாய் எல்லாவற்றையும் பாலித்தீன் கவரால் கட்டச் சொல்லுங்கள். ஆயில் ஊற்றும் மூடியும் டிப்ஸ்டிக்கும் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். சூடான என்ஜினில் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்ச விடாதீர்கள்.

8 வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். அதற்காக எல்லோரும் என்ஜினைப் பளபளவென்று கழுவுகிறார்கள். எஃப்.சி. முடிந்ததும் அந்தச் சுத்தத்தை வீணாக்குகிறார்கள். லீக் தேடுவதற்கு வருஷத்திலேயே நல்ல நேரம் அந்த வாரம்தான். அப்போதே பவுடர் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

6. வழக்கமா எந்தெந்த இடத்துல லீக் ஆகும்?

மேலிருந்து வருகிறேன். ஆயில் ஊற்றும் மூடியின் ரப்பர், டேப்பெட் கவர் பேக்கிங் (ரெண்டு பாகத்துக்கு நடுவில் வைத்து அடைக்கும் ரப்பர் அல்லது கார்க்), பிரீத்தர் குழாய் (என்ஜின் உள்ளே சேரும் காற்று வெளியேறும் வழி), டர்போ இருந்தால் அதற்கு ஆயில் போகும் குழாயும் திரும்பி வரும் குழாயும். நடுவில் ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஆயில் ஃபில்டர், ஆயில் கூலர் இருந்தால் அதன் பேக்கிங், வேக்கம் பம்ப் குழாய்கள், டிப்ஸ்டிக் குழாய் பிளாக்கில் இறங்கும் இடம். முன்பக்கம் டைமிங் கவர், கிராங்க் புல்லிக்குப் பின்னால் இருக்கும் முன் சீல். கீழே சேம்பர் பேக்கிங், டிரெயின் போல்ட். கடைசியில் பிளைவீலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பின் சீல்.

கவுன்ட்டரில் பார்த்த வரையில் டேப்பெட் கவர் பேக்கிங்கும் டிரெயின் போல்ட் வாஷரும்தான் அதிகம். பின் சீல் நிஜமாகவே போன வண்டிகள், "பின் சீல் போச்சு" என்று சொல்லி வரும் வண்டிகளைவிடக் குறைவு.

7. டேப்பெட் கவர் பேக்கிங்கை நானே மாத்தலாமா?

தாராளமாக. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு காலைப்பொழுதில் முடிக்கலாம். கழற்றுவதற்கு முன் கவரைச் சுற்றி உள்ள மண்ணை ஊதித் துடைத்துவிடுங்கள். கவரைத் தூக்கும்போது ஒரு கல் உள்ளே விழுந்தாலும் தொல்லை. எந்தக் குழாய் எங்கே இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பேக்கிங்கை எடுத்ததும் கையில் மடக்கிப் பாருங்கள். ரப்பர் மடங்காமல் பட்டென்று உடைந்தால் சூட்டில் இறுகிவிட்டது, அதனால்தான் கசிந்தது. கார்க் பேக்கிங்காக இருந்தால் போல்ட் இருந்த இடங்களில் நசுங்கிப் பிதுங்கியிருக்கும். அது ஓவராக இறுக்கியதற்கு அடையாளம். உட்காரும் முகம் ரெண்டையும் துணி வைத்துச் சுத்தமாகத் துடையுங்கள். அலுமினியத்தில் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் கோடு விழும், அந்தக் கோடு வழியாகவே அடுத்த லீக் வரும். புதியதை வைத்து, போல்ட்டுகளைக் கையால் பிடித்துவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரெண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். இந்தச் சின்ன போல்ட்டுகளுக்கு இறுக்கம் மிகக் குறைவாகவே வேண்டும். நீளக் கைப்பிடி போட்டு இழுக்கிற வேலை இல்லை.

8. பேக்கிங்கோட பேஸ்ட்டும் நிறையப் போட்டா நல்லா அடைச்சுக்குமில்ல?

இதைத்தான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: நிறையப் போடாதீர்கள். சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசினால் வெளியே பிதுங்கும் அளவு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது காய்ந்து, துண்டாக உடைந்து, ஆயிலோடு சேம்பருக்குப் போய், பம்பின் வாயில் இருக்கும் வலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆயில் பிரஷர் குறையும். ஒரு பேக்கிங் வேலை, என்ஜின் வேலையாக மாறுவது இப்படித்தான்.

ரப்பர் பேக்கிங்குக்குப் பெரும்பாலும் பேஸ்ட்டே வேண்டாம். ரெண்டு பாகம் சேரும் மூலைகளில், அரைவட்டமாக வளையும் இடங்களில் மட்டும் ஒரு சின்னப் பொட்டு போதும். பேக்கிங்கே இல்லாமல் பேஸ்ட்டால் மட்டும் ஒட்டும் சேம்பராக இருந்தால், ரெண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் விடாத ஒரே கோடு, போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாகச் சுற்றிப் போகவேண்டும். முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் எந்தப் பேஸ்ட்டும் பிடிக்காது. டியூபில் போட்டிருக்கும் நேரம் வரை காயவிட்டுத்தான் ஆயில் ஊற்ற வேண்டும். அவசரமாக ஸ்டார்ட் பண்ணினால் மொத்த வேலையும் வீண்.

9. ஆயில் மாத்துனதுக்கு அப்புறம்தான் லீக் ஆரம்பிச்சுது. சர்வீஸ்ல என்ன பண்ணியிருப்பாங்க?

முதலில் ஃபில்டரைப் பாருங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் என்ஜின் பக்கமே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் புதிய ஃபில்டரை ஏற்றினால் ரெண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். பிரஷர் ஏறியதும் வழுக்கிப் பிதுங்கி, சில நிமிஷத்தில் ஆயில் முழுவதும் ரோட்டில். சுழற்றிப் போடும் ஃபில்டருக்கு வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, ரப்பர் தொட்டதிலிருந்து கையாலேயே முக்கால் சுற்று போதும்.

அடுத்தது டிரெயின் போல்ட் வாஷர். ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள், விலை ஒரு டீக்காசுதான். செம்பு வாஷர் வேறு கிடைக்காத இடத்தில் மாட்டிக்கொண்டால், பழையதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும், அவசரத்துக்கு ஓடும். வாஷர் புதிது போட்டும் கசிந்தால் மரை போயிருக்கலாம். டெஃப்லான் டேப் சுற்றி ஓட்டுவது தீர்வு ஆகாது. லேத்தில் கொடுத்து ஹெலிகாயில் மரை (துளைக்குள் புதிதாக வைக்கும் கம்பிச்சுருள் மரை) வைப்பதோ, சேம்பரையே மாற்றுவதோதான் நிலையான வழி.

வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவர்கள் பழைய ஆயிலை வாய்க்காலிலோ மண்ணிலோ ஊற்றிவிடாதீர்கள். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் உரிமம் உள்ளவரிடம் சேருங்கள்.

10. சேம்பர் போல்ட் எல்லாத்தையும் இறுக்கிட்டேன். முன்னைக்கு இப்ப இன்னும் ஜாஸ்தியா லீக் ஆகுது. ஏன்?

தகடு சேம்பராக இருந்தால் இதுதான் நடக்கும். ஓவராக இறுக்கும்போது போல்ட் துளையைச் சுற்றியுள்ள தகடு பிளாக்கை நோக்கி உள்ளே குழியும். துளை இருக்கும் இடத்தில் தகடு அழுந்தும், ரெண்டு துளைக்கு நடுவே தூக்கிக்கொள்ளும். பேக்கிங் அந்த நடு இடத்தில் பிடிப்பை இழக்கும்.

சேம்பரை இறக்கி, விளிம்பின் மேல் ஒரு இரும்பு ஸ்கேலை நிறுத்தி வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். துளைக்குத் துளை அலை அலையாக இடைவெளி தெரியும். தட்டையான கனத்த இரும்பின் மேல் விளிம்பை வைத்து, மேடான இடத்தைச் சின்னச் சுத்தியால் மெதுவாகத் தட்டிச் சமன் பண்ணலாம். அதன் பிறகுதான் புதுப் பேக்கிங். இறக்கியது இறக்கியாயிற்று, பம்ப் வலையையும் கழுவிவிடுங்கள். 8-ம் கேள்வியில் சொன்ன பேஸ்ட் துண்டுகள் அங்கேதான் கிடக்கும்.

11. ஆல்டர்னேட்டர் முழுக்க ஆயிலா இருக்கு. கரன்ட் சாமானுக்கு ஆயில் எப்படி வந்துச்சு?

பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக் பூஸ்டருக்கான வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். அந்தப் பம்புக்கு என்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாயில் ஆயில் போகும், தடித்த குழாயில் சேம்பருக்குத் திரும்பும். குழாய் முனைகளில் உள்ள வாஷரோ, ரப்பர் ஹோஸோ, பம்புக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவில் உள்ள சீலோ போனால் ஆயில் அங்கே வரும்.

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆயில் ஆல்டர்னேட்டர் உள்ளே போனால் கார்பன் பிரஷ் பழுதாகி பேட்டரி சார்ஜ் ஏறாது. ஹோஸ் பிய்த்துக்கொண்டால் ஆயில் வேகமாகக் காலியாகும். அந்தப் பம்ப் பழுதானால் பிரேக் பெடலும் கல்லாக இறுகும். ஹோஸை மாற்றும்போது ஆயில் தாங்கும் ஹோஸ்தான் வாங்க வேண்டும். தண்ணீர் ஹோஸை வெட்டிப் போட்டால் உப்பி, வெடித்துவிடும்.

12. பெல் ஹவுசிங் அடியில சொட்டுது. கியர்பாக்ஸ் இறக்கணும்ங்கிறார் மெக்கானிக். உண்மையா?

உண்மையாக இருக்கலாம், ஆனால் 4-ம் கேள்வியில் சொன்ன சோதனையை முடிக்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். டேப்பெட் கவரின் பின் மூலை, பின்பக்கம் இருக்கும் ஆயில் பிரஷர் ஸ்விட்ச், டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் குழாய், சேம்பரின் பின் வளைவு எல்லாமே அங்கேதான் வந்து சொட்டும். பெல் ஹவுசிங்கின் மேல்பக்கம் காய்ந்திருந்து, அடி ஓட்டையிலிருந்து மட்டும் ஆயில் வந்தால் சந்தேகம் வலுக்கும். அடித் தகட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். பிளைவீலின் என்ஜின் பக்கம் ஈரமாக இருந்து கறுப்பு ஆயிலாக இருந்தால் பின் சீல். கந்தக வாடையோடு கெட்டியாக இருந்தால் கியர்பாக்ஸின் முன் சீல். ரெண்டுக்கும் கியர்பாக்ஸ் இறங்கும், ஆனால் வாங்க வேண்டிய சீல் வேறு.

சீல் விலை கொஞ்சம்தான். கூலிதான் பெரிது. அதனால் கியர்பாக்ஸ் இறங்கிய அன்றைக்கே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஆயில் குடித்த கிளட்ச் பிளேட்டைக் கழுவிப் போட்டால் சூட்டில் மறுபடி ஆயில் கக்கி வழுக்கும். மாற்றத்தான் வேண்டும்.

13. சீல் புதுசு போட்டு மூணே மாசத்துல மறுபடி அதே இடத்துல லீக். டூப்ளிகேட் சீலா?

சீல் மேல் பழி போடுவதற்கு முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது பிரீத்தர். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் காற்று எப்போதும் கீழே இறங்கும். அது வெளியேறும் வழிதான் பிரீத்தர். அந்தக் குழாய் மண்ணும் ஆயிலும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி, எந்தச் சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். புதுச் சீலும் தோற்கும். குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி ஊதிப் பார்க்க அரைமணி நேரம் ஆகாது. எந்தச் சீலை மாற்றும் முன்பும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது. ஆனால் கடைசியில்தான் செய்கிறார்கள்.

ரெண்டாவது, சீல் உரசும் இடம். பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய கிராங்க் புல்லியின் கழுத்தில் சீலின் உதடு உரசி உரசி வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் குறுக்கே வருடினால் நகம் மாட்டும். அந்தப் பள்ளத்திலேயே புதுச் சீல் உதடும் உட்கார்ந்தால் பிடிக்காது. மெல்லிய எஃகு ஸ்லீவ் ஏற்றலாம், புல்லியை மாற்றலாம், அல்லது இடம் இருந்தால் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்து, பள்ளம் இல்லாத இடத்தில் உரசவைக்கலாம்.

மூன்றாவது, போட்ட விதம். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். நேராகச் சுத்தியால் அடிக்காமல், சீலின் வெளிவட்டத்துக்குச் சமமான பைப்போ பழைய பேரிங் வளையமோ வைத்து, கோணாமல் இறக்க வேண்டும். சாதாரண ரப்பர் சீலுக்கு உதட்டில் ஆயில் தடவ வேண்டும். ஆனால் ஸ்பிரிங் இல்லாமல், உதடு வெள்ளையாகவோ பழுப்பாகவோ அகலமாக இருக்கும் டெஃப்லான் சீலைப் பொதுவாக உலர்ந்த தண்டில்தான் ஏற்றுவார்கள். அதில் ஆயில் தடவினால் அது தண்டோடு பதியாது. பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள். இந்த மூன்றும் சரி என்றால், அப்போது சீலின் தரத்தைச் சந்தேகப்படலாம். நைட்ரைல் ரப்பரைவிட விட்டான் ரப்பர் சூட்டை அதிகம் தாங்கும். பின் சீலுக்கு அது கிடைத்தால் கூடுதல் விலைக்குத் தகுதியானது.

14. பிரீத்தர் கழுவியாச்சு. ஆனா ஆயில் மூடியைத் திறந்தா புகை தள்ளுது. பேக் கம்ப்ரஷன்னா என்ஜின் போச்சா?

ரிங்கைத் தாண்டி இறங்கும் காற்று இப்படி மூடி வழியாகத் தள்ளுவதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். கொஞ்சம் புகை எல்லாப் பழைய டீசலிலும் வரும். என்ஜின் சூடாகி, ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது மூடியைத் திருகித் திறந்து, அப்படியே துளையின் மேல் தளர்வாக வையுங்கள். லேசாக ஆடினால் பயமில்லை. மூடி துள்ளி விழுந்தால், வாடையோடு குபுகுபுவென்று புகை வந்தால், பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் (உள்சுவரும்) தேய்ந்திருக்கின்றன. டர்போ வண்டியில் டர்போ சீல் வழியாகவும் இந்தக் காற்று வரலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முடிவு எடுப்பதற்கு முன் கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து பார்க்க வேண்டும். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்திருப்பதும், நாலும் சேர்ந்து குறைந்திருப்பதும் வேறு வேறு செலவு. நாலும் போயிருந்தால் சீலும் பேக்கிங்கும் மாற்றிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை. அந்தப் பணத்தை என்ஜின் வேலைக்குச் சேருங்கள் என்றுதான் நான் சொல்வேன், என் கடையில் சீல் விற்காமல் போனாலும்.

15. லீக்கை நிறுத்துற மருந்து பாட்டில் ஊத்தலாமா? இல்ல கெட்டி ஆயில் போடலாமா?

அந்தப் பாட்டில்களில் பல, இறுகிப்போன ரப்பரைக் கொஞ்சம் உப்பவைத்து இளக்கும். கசிவு லேசாக இருந்து காரணம் ரப்பர் இறுகியதுதான் என்றால் சில மாசம் குறையலாம். கிழிந்த பேக்கிங், பள்ளம் விழுந்த புல்லி, மரை போன போல்ட் எதற்கும் அது உதவாது. நல்ல நிலையில் இருக்கும் சீல்களையும் அது உப்பவைக்கும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை.

15டபிள்யூ40 போட வேண்டிய என்ஜினில் 20டபிள்யூ50 போட்டால் நம்ம ஊர் வெயிலுக்கு ஓடத்தான் செய்யும், சொட்டும் கொஞ்சம் குறையும். ஆனால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் மேலே ஏற நேரம் எடுக்கும். டர்போ உள்ள வண்டியில் அந்தத் தாமதம் பேரிங்கைத் தின்னும். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடுகளைத் தாண்டாதீர்கள்.

16. ஆயில் குறையுது, ஆனா கீழ ஒரு சொட்டுகூட இல்ல. எங்க போகுது?

ஒன்று எரிகிறது, அல்லது தண்ணீருக்குள் போகிறது. ரொம்ப நேரம் ஐடிலில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது நீலப்புகை வந்தால் வால்வு சீல் அல்லது டர்போவைச் சந்தேகப்படுங்கள். சுமையோடு ஏறும்போதும் நீலப்புகை தொடர்ந்து வந்தால் 14-ம் கேள்விக்குப் போங்கள். இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். மெல்லிய ஆயில் படலம் சகஜம், வழிந்தால் டர்போ.

என்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் பால் காபி மாதிரிக் கலங்கியிருந்தால் ஆயில் கூலரோ ஹெட் கேஸ்கட்டோ விட்டிருக்கிறது. சேம்பரில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்றும் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

17. ஆயில் பிரஷர் ஸ்விட்ச் மாத்தினேன். லீக் நின்னுபோச்சு. ஆனா சாவி போட்டா ஆயில் லைட் எரியவே மாட்டேங்குது. ஸ்விட்ச் கோளாறா?

ஸ்விட்ச் நல்லதாகவே இருக்கலாம். மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினீர்களா? ஒற்றை ஒயர் ஸ்விட்ச் தன் உடம்பு வழியாக என்ஜினில்தான் எர்த் எடுக்கிறது. டேப் நடுவில் புகுந்து எர்த்தைத் தடுத்தால் லைட் எரியாது. டேப்பை எடுத்துவிட்டு, மரையில் சீலன்ட் கொஞ்சமாகத் தொட்டு மாட்டுங்கள். ஒயர் மாட்டியிருக்கிறதா, பல்ப் போகவில்லையா என்பதையும் பாருங்கள்.

இதைச் சரி பண்ணாமல் ஒரு லோடுகூட எடுக்காதீர்கள். லைட் எரியாத வண்டியில் அடுத்த லீக் வரும்போது உங்களுக்கு எச்சரிக்கையே கிடைக்காது.

18. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஓடும்போது லீக்கே இல்ல. கொடைக்கானல் லோடு போயிட்டு வந்தா மட்டும் பின்னால ஆயிலா இருக்கு. இது எப்படி?

மலை ஏறும்போது ரெண்டு விஷயம் சேர்ந்து நடக்கிறது. வண்டி சாய்வதால் சேம்பரில் உள்ள ஆயில் பின்பக்கம் திரண்டு, சமவெளியில் தொடாத பேக்கிங் வளைவையும் பின் சீலையும் முழுக்கிவிடுகிறது. கூடவே செகண்ட் கியரில் முழுச் சுமையோடு மணிக்கணக்கில் இழுப்பதால் ரிங்கைத் தாண்டும் காற்றும் கூடி, பிரீத்தர் தாங்கும் அளவை நெருங்குகிறது. சமவெளியில் பவுடர் போட்டு எத்தனை முறை பார்த்தாலும் இது தெரியாது.

முதலில் டிப்ஸ்டிக் அளவைப் பாருங்கள். "மலை ஏறணுமே" என்று மேல்க்கோட்டுக்கு மேல் ஊற்றியிருந்தால் காரணம் அதுவேதான். அளவு சரியாக இருந்தால் பிரீத்தரைக் கழுவுங்கள். பிறகு கழுவிக் காய்ந்த என்ஜினில், சேம்பரின் பின் வளைவு, பெல் ஹவுசிங்கின் அடி ஓட்டை, டேப்பெட் கவரின் பின் மூலை மூன்றிலும் பவுடர் போட்டுவிட்டு மலை ஏறுங்கள். மேலே போய் லோடு இறக்கும்போதே, சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துக் கட்டை போட்டுவிட்டு டார்ச்சோடு பாருங்கள். இறங்கி வந்து பார்த்தால் இறக்கத்தில் ஆயில் முன்னால் ஓடி, காற்றில் பரவி, கோடு கலைந்துபோயிருக்கும்.